ரீபில்ட் செய்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பிரஷர் ரெகுலேட்டர் வால்வு என்று சொன்னால் உடனே நம்பலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஆறு ஸ்பீடு ஆட்டோமேட்டிக் செடான், டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வகை. 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஓட்டத்தில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்ததால் பெங்களூரில் ஒரு கராஜில் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், சீல், கேஸ்கெட் எல்லாம் மாற்றி ரீபில்ட் செய்திருக்கிறார்கள். சில வாரம் நன்றாக ஓடியது. இப்போது காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. மாலையில் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு 'டி'யில் போட்டால் ஒன்றிரண்டு வினாடி சும்மா இருந்துவிட்டு 'டொக்'கென்று பிடிக்கிறது. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் சரிவில் ரிவர்ஸ் ஏற மறுக்கிறது, கூடவே ஒரு ரீங்காரம். ஆனால் கிருஷ்ணகிரி வரை ஹைவேயில் ஓட்டிப் போய் வந்தால் ஒரு குறையும் தெரிவதில்லை. "பிரஷர் ரெகுலேட்டர் வால்வு போச்சு சார், வால்வு பாடியையே மாத்தணும்" என்று கராஜில் இன்னொரு 60,000 ரூபாய் சொல்கிறார்கள். (வால்வு பாடி என்றால் கிளட்சுகளுக்கு ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுகள் அடங்கிய அலுமினியக் கட்டி.) மாற்றலாமா?

பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்காமல் மாற்றாதீர்கள். கராஜ்காரர் சொல்வது சரியாகவே இருக்கலாம். உங்கள் அறிகுறிகளைப் படித்தால் எனக்கும் சந்தேகம் அந்தப் பக்கம்தான் போகிறது. ஆனால் இதே அறிகுறியை நாற்பது ரூபாய் ஓ-ரிங்கும் கொடுக்கும், தேய்ந்த பம்பும் கொடுக்கும். மூன்றுக்கும் செலவு மூன்று விதம்.

ஹைவேயில் சரியாக இருந்து சில்க் போர்டில் மட்டும் தகராறு செய்கிறது என்பதே பாதி பதில். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றில் இருக்கும்போது பம்ப் தள்ளும் ஆயில் மிகக் குறைவு. ஹைவேயில் 2,000 சுற்றைத் தாண்டும்போது அது மூன்று மடங்கு. உள்ளே எங்காவது கசிவு இருந்தால் ஹைவேயில் பம்பின் உபரி அதை மூடி மறைத்துவிடும். நெரிசலில் நிலைமை தலைகீழ்: கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்கிக்கொண்டே இருப்பதால் ஆயில் சூடாகி நீர்த்துப்போகிறது, நீர்த்த ஆயில் சின்ன இடைவெளியிலும் ஒழுகும், பம்போ ஐடிலில் இருக்கிறது. ஆகவே சூடு, ஐடில் இரண்டும் சேரும்போது மட்டும் வரும் கோளாறு என்றால் லைன் பிரஷர் (கிளட்சுகளைப் பிடிக்க வைக்கும் ஆயில் அழுத்தம்) எங்கோ கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கே என்பதுதான் கேள்வி.

இந்த ரெகுலேட்டர் வால்வு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம், பிறகு வருவது எல்லாம் அதைப் பொறுத்தது. பம்ப் எஞ்சின் வேகத்துக்கேற்ப ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதற்கு நிறுத்தத் தெரியாது. கிளட்சுகளுக்குப் போக வேண்டிய அழுத்தத்தை, அதாவது லைன் பிரஷரை, அளவோடு வைத்திருப்பது இந்த வால்வின் வேலை. குக்கர் வெயிட் மாதிரிதான்: ஒரு பக்கம் ஸ்பிரிங் அழுத்துகிறது, எதிர்ப்பக்கம் லைன் பிரஷரே வால்வைத் தள்ளுகிறது. அழுத்தம் ஏறினால் வால்வு நகர்ந்து வழி திறக்கும். பெரும்பாலான கியர்பாக்ஸ் பெட்டிகளில் முதலில் டார்க் கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் போகும் வழி திறக்கும், அதற்கும் மேலே போனால்தான் உபரி ஆயில் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பும். குக்கர் வெயிட்டுக்கு ஒரே எடைதான். இங்கே ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தில் பூஸ்ட் வால்வு என்று இன்னொரு சின்ன வால்வு உண்டு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஒரு சாலிநாய்டு (கரண்டில் இயங்கும் சின்ன வால்வு) மூலம் அந்தப் பக்கம் அழுத்தம் அனுப்பும், ஸ்பிரிங்குக்கு உதவி கிடைக்கும், லைன் பிரஷர் ஏறும். ரிவர்ஸுக்கு நல்ல பிடி வேண்டும் என்பதால் ரிவர்ஸ் போட்டாலே கூடுதல் பூஸ்ட் போகும்படி பல பெட்டிகளில் அமைத்திருக்கிறார்கள்.

இந்த வால்வு இருக்கும் இடமும் பெட்டிக்குப் பெட்டி மாறும். அமெரிக்காவில் லட்சக்கணக்கில் ஓடிய ஜெனரல் மோட்டார்ஸ் 4எல்60-இ பெட்டியில் இது பம்புக்குள்ளேயே இருக்கிறது. அடியில் இருக்கும் ஆயில் பானையும் (ஆயில் தேங்கும் தட்டு) ஃபில்டரையும் கழற்றினால் கீழேயிருந்தே ஸ்னாப் ரிங்கை எடுத்து வால்வை வெளியே இழுத்துவிடலாம், பெட்டியை இறக்க வேண்டியதில்லை. ஜப்பானிய ஐசின் பெட்டிகளில் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு ரெகுலேட்டர்கள் வால்வு பாடியில் இருக்கும். லைன் பிரஷர் பிரைமரியின் பொறுப்பு, கன்வெர்ட்டர் அழுத்தம் செகண்டரியின் பொறுப்பு. இணையத்தில் 4எல்60-இ வீடியோ பார்த்துவிட்டு நம்மூர் வண்டியின் பானைக் கழற்றி அந்த வால்வைத் தேடினால் கிடைக்காது.

இனி இந்த வால்வு எப்படிப் பழுதாகிறது என்பது. வால்வு பெரும்பாலும் ஸ்டீல் அல்லது மேல்பூச்சு கடினமாக்கிய அலுமினியம். அது ஓடும் போர், அதாவது துளை, வார்த்த சாதா அலுமினியம். வால்வு ஓர் இடத்தில் நிற்பதே இல்லை, அழுத்தத்தோடு சேர்ந்து இடைவிடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். லட்சம் கிலோமீட்டரில் தேய்வது போர்தான். வால்வுக்கும் போருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு, தலைமுடியை விடக் குறைவு. அது இரட்டிப்பானாலே சூடான ஆயில் நழுவ ஆரம்பித்துவிடும்.

தேய்மானம் எந்த முனையில் என்பதைப் பொறுத்து அறிகுறி நேர் எதிராக மாறும், இதைப் பல கராஜில் கவனிப்பதில்லை. பூஸ்ட் பக்கம் தேய்ந்தால் கம்ப்யூட்டர் அனுப்பும் அழுத்தம் ஸ்பிரிங்குக்கு உதவாமல் ஒழுகிவிடும். லைன் பிரஷர் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாது, ரிவர்ஸும் ஏற்றமும் பலவீனமாகும், கிளட்ச் வழுக்கும். எதிர்முனை, அதாவது லைன் பிரஷர் வந்து வால்வைத் தள்ள வேண்டிய முனை தேய்ந்தால், அந்தத் தள்ளும் சக்தி ஒழுகிவிடும். வால்வு நகராது, உபரி ஆயில் திரும்பும் வழி திறக்காது, பிரஷர் தாறுமாறாக ஏறும். ஒவ்வொரு கியரும் முதுகில் குத்துவது போல் விழும், சில மாதத்தில் டிரம்மோ பிஸ்டனோ விரிசல் விடும். இரண்டுக்கும் பெயர் "ரெகுலேட்டர் வால்வு பிரச்சினை"தான். உங்கள் வண்டி முதல் வகை மாதிரி தெரிகிறது. தாமதத்துக்குப் பிறகு வரும் அந்த 'டொக்', அதிகப் பிரஷரின் அடி அல்ல. பிடிக்காமல் நிற்கிற நேரத்தில் நீங்கள் ஆக்ஸிலரேட்டரைத் தொடுகிறீர்கள், சுற்று ஏறுகிறது, பம்ப் முழித்துக்கொள்கிறது, கிளட்ச் ஒரேயடியாகப் பிடிக்கிறது.

சரி, ரீபில்ட் செய்த பெட்டியில் இது ஏன் வருகிறது? காரணம் எளிது. ஜே.சி. ரோட்டில் வாங்கும் ஓவர்ஹால் கிட்டில் ஃபிரிக்ஷன் பிளேட், ஸ்டீல் பிளேட், சீல், கேஸ்கெட் இருக்கும். வால்வு பாடி அதில் கிடையாது. அதைக் கழுவி, காற்றடித்து, அப்படியே திருப்பி மாட்டிவிடுவார்கள். ஆனால் முதல் தடவை கிளட்ச் ஏன் வழுக்கியது? பிரஷர் குறைந்ததால்தான் பிளேட் எரிந்தது என்றால், புதுப் பிளேட் போட்டும் அதே காரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. புதுப் பிளேட்டும் புது சீலும் சில வாரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். எரிந்த கிளட்ச் ஒரு விளைவு என்பதை மறந்து ரீபில்ட் செய்யும் பெட்டிகள்தான் மறுபடி மறுபடி பட்டறை மேசைக்கு வருகின்றன.

ரீபில்ட் செய்யும்போதே புதிதாக வரவழைத்துக்கொள்ளும் கோளாறும் உண்டு. வால்வு சிக்குகிறது என்று எமரி பேப்பரால் தேய்ப்பது அதில் மோசமானது. மேல்பூச்சு போய்விட்டால் அலுமினிய வால்வு சோப்பு மாதிரி தேயும். பனியன் வேஸ்ட்டால் வால்வு பாடியைத் துடைப்பது இன்னொன்று, அதிலிருந்து வரும் நூலிழை ஒன்று போதும் வால்வு பாதி வழியில் நிற்க. வால்வு பாடி போல்ட்டை மணிக்கட்டு பலத்தில் முடுக்குவார்கள். அவற்றுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் போலத்தான் டார்க், அதற்கு மேல் போனால் பாடி வளையும். மேசையில் வழுக்கிக்கொண்டு ஓடிய வால்வு, மாட்டியதும் இறுகிவிடும். பழைய கூலரைக் கழுவாமல் விட்டால் எரிந்த பிளேட்டின் துகள் எல்லாம் முதல் நாளே புதுப் பெட்டிக்குள் வந்துவிடும். சிலர் ஷிஃப்ட் சுறுசுறுப்பாக விழ வேண்டும் என்று ரெகுலேட்டருக்குக் கனமான ஸ்பிரிங் போட்டுக் கொடுப்பார்கள். டிரிப் அடிக்கும் டாக்ஸிக்குக்கூட நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தேய்ந்த போரில் கனமான ஸ்பிரிங் போட்டால் கசிவு அப்படியே இருக்கும், ஐடில் பிரஷர் மட்டும் கூடும். வாடிக்கையாளருக்குச் சரியானது போலத் தெரியும், பெட்டிக்குச் சரியாகாது.

இனி கேஜ். பெட்டியின் மேல் லைன் பிரஷர் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன பிளக் பல மாடல்களில் இருக்கும். உங்கள் பெட்டியில் எங்கே இருக்கிறது, திரெட் என்ன என்பதை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கலாசிபாளையத்திலோ எஸ்.பி. ரோட்டிலோ ஹைட்ராலிக் கடையில் 25 பார் வரை காட்டும் கேஜும், ஆள் சீட்டில் உட்கார்ந்தே பார்க்கும் அளவுக்கு நீளமான ஹோஸும் வாங்கிக்கொள்ளலாம். ஆயிலை நன்றாகச் சூடாக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த வண்டியில் கேஜ் வைத்து "எல்லாம் ஓகே" என்று சொன்னால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. கேஜ் வைப்பதற்கு முன் ஆயில் லெவலையும் பார்த்துவிட வேண்டும், அதுவும் மேனுவல் சொல்கிற வெப்பநிலையில்.

ஐடிலில் 'டி', ஐடிலில் ரிவர்ஸ், பிறகு ஸ்டாலில் 'டி', ஸ்டாலில் ரிவர்ஸ். இந்த நான்கு எண் போதும். ஸ்டால் என்றால் பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது. ஐந்து வினாடிக்கு மேல் கூடவே கூடாது, நடுவில் ஒரு நிமிடமாவது நியூட்ரலில் ஆற விட வேண்டும், வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. தோராயமாகச் சொன்னால் ஐடிலில் 'டி'யில் 4 முதல் 6 பார் வரும், ரிவர்ஸில் அதைவிடக் கூடுதல், ஸ்டாலில் ரிவர்ஸ் 15 பார் சுற்றிலும் அதற்கு மேலும் போகும். உங்கள் மாடலுக்கான சரியான எண் மேனுவலில்தான் இருக்கும், என் தோராயத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எண்ணை விட முக்கியம், ஊசி எப்படி நடந்துகொள்கிறது என்பது. எல்லா கியரிலும் குறைவு என்றால் ஃபில்டர், பம்ப், ரெகுலேட்டர் மூன்றில் ஒன்று. 'டி'யில் மட்டும் குறைந்து ரிவர்ஸில் சரியாக இருந்தால், அல்லது நேர்மாறாக இருந்தால், ரெகுலேட்டரை விட்டுவிடுங்கள். அது அந்தக் கிளட்சின் சீலோ சீலிங் ரிங்கோதான். ஐடிலில் சரியாக இருந்து ஸ்டாலில் ஏறவில்லை என்றால் பூஸ்ட் வால்வையும் பிரஷர் சாலிநாய்டையும் பார்க்க வேண்டும். சுற்றோடு சேர்ந்து பிரஷரும் கட்டுப்பாடில்லாமல் ஏறினால் ரெகுலேட்டர் மூடிய நிலையில் சிக்கியிருக்கிறது. ஊசி நிற்காமல் படபடவென்று ஆடினால் ஆயிலோடு காற்றும் உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாகச் சொன்னதற்கு ஓர் உதாரணம். வேறு இடத்தில் ரீபில்ட் ஆன ஒரு வண்டி எங்களிடம் வந்தது. அதே ரீங்காரம், அதே தாமதம், அதே "ரெகுலேட்டர் வால்வு" தீர்ப்பு. கேஜ் ஊசி ஐடிலில் நடுங்கிக்கொண்டிருந்தது. பானைக் கழற்றி ஃபில்டரை இழுத்தால் அதன் கழுத்தில் புது ஓ-ரிங் இருந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோது துளைக்குள்ளேயே பழைய ஓ-ரிங் ஒன்று கறுத்து, பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரைத் திணித்திருக்கிறார்கள். புது ரிங் சரியாக உட்காராமல் சூடேறும்போது காற்றை இழுத்திருக்கிறது. கொக்கியால் பழையதை எடுத்துவிட்டு ஃபில்டரை மாட்டியதும் ஊசி அசையாமல் நின்றது. உங்கள் வண்டியிலும் ரீங்காரம் இருக்கிறது என்பதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். பானைக் கழற்றுவது, பெட்டியை இறக்குவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத வேலை.

கேஜ் மாட்டியிருக்கும்போதே இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். பெரும்பாலான பெட்டிகளில் பிரஷர் சாலிநாய்டுக்குக் கரண்ட் போகாவிட்டால் லைன் பிரஷர் உச்சத்துக்குப் போகும்படி வைத்திருக்கிறார்கள், வயர் அறுந்தாலும் கிளட்ச் எரியக் கூடாது என்பதற்காக. உங்கள் பெட்டியும் அந்த வகைதானா என்று மேனுவலில் உறுதி செய்துகொண்டு, இக்னிஷனை அணைத்துவிட்டு கியர்பாக்ஸின் வயர் கனெக்டரைக் கழற்றுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிரஷர் உச்சத்துக்கு ஏறினால் பம்பும் வால்வும் தங்கள் வேலையைச் செய்கின்றன. சந்தேகம் சாலிநாய்டு, வயரிங், கம்ப்யூட்டர் பக்கம் போகிறது. அப்போதும் ஏறவில்லை என்றால் கோளாறு ஹைட்ராலிக்கில்தான், எத்தனை சாலிநாய்டு மாற்றினாலும் தீராது. எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி ஒரே கியரில் நிற்கும், பயப்பட வேண்டாம். மாட்டிய பிறகு ஸ்கேனரில் அந்தப் பிழைக் குறியீட்டை அழித்துவிடலாம்.

ஹைட்ராலிக்தான் என்று முடிவானால் வால்வு பாடி வெளியே வரட்டும். போருக்குள் விளக்கு அடித்துப் பார்த்தால் தேய்ந்த இடம் தெரியும்: சுற்றிலும் மங்கலான சாம்பல் நிறமாக இருக்க, ஒரு பக்கம் மட்டும் நகம் அகலத்துக்குக் கண்ணாடி போல மின்னும். வால்வை அந்த இடத்தில் வைத்து விரலால் அசைத்தால் லேசாக ஆடும். ஆயிலில் நனைத்த வால்வு தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும் என்பது பழைய சோதனை. அது வால்வு சிக்குகிறதா என்று மட்டும்தான் சொல்லும், தேய்மானத்தைச் சொல்லாது. சொல்லப்போனால் தேய்ந்த போரில் வால்வு இன்னும் அழகாக இறங்கும்.

தேய்மானத்துக்கு வாக்யூம் டெஸ்ட்தான் வழி. வால்வின் ஒரு பகுதியை அடைத்து, காற்றை உறிஞ்சி, எவ்வளவு வெற்றிடம் நிற்கிறது என்று பார்ப்பது. 18 அங்குல பாதரசத்துக்குக் கீழே போனால் போர் தேய்ந்தது என்று பலரும் ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். சென்னையில் காற்றழுத்தம் 30 அங்குலம் சுற்றி இருந்தால் இங்கே 27 போலத்தான். அதே பம்ப் இங்கே இரண்டு மூன்று அங்குலம் குறைவாகத்தான் காட்டும். அதனால் முதலில் ஹோஸை விரலால் முழுதாக அடைத்து உச்ச ரீடிங் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். கராஜில் "வாக்யூம் ரீடிங் எவ்வளவு வந்தது, அடைத்தபோது எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்ணைச் சொல்ல முடியாதவர் அளந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தேய்ந்தது உறுதியானால் மூன்று வழி. போரை ரீமரால் சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய வால்வு போடுவது ஒன்று. சானக்ஸ், டிரான்ஸ்கோ போன்ற நிறுவனங்கள் பல மாடலுக்கு இப்படிப் பழுதுநீக்கும் பாகங்கள் தருகின்றன. ரீமரும் அதை நேராகப் பிடிக்கும் ஜிக்கும் வைத்திருப்பவர் செய்தால் நல்ல வேலை. பீன்யாவில் மைக்ரான் கணக்கில் வேலை செய்யும் பட்டறைகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஜிக் இல்லாமல் போர் ஒரு நூல் கோணலானாலும் வால்வு பாடி குப்பைக்குத்தான். இரண்டாவது, சோதித்துப் புதுப்பித்த வால்வு பாடி வாங்கிப் போடுவது. உங்களிடம் அவர்கள் சொன்ன 60,000 ரூபாய் எதற்கு என்பதை இங்கேதான் தெளிவாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் மூன்றாவது வழி சிவாஜிநகர் குஜிரியில் (பழைய உதிரிபாகச் சந்தை) கிடைக்கும் பழைய வால்வு பாடி. அதுவும் உங்களுடையதைப் போலவே லட்சம் கிலோமீட்டர் ஓடியதாக இருக்கும், அதே இடத்தில் தேய்ந்திருக்கும். சில மாடல்களில் வால்வு பாடிக்கோ சாலிநாய்டுக்கோ தனிக் குறியீட்டு எண் உண்டு, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றாவிட்டால் கியர் இடிக்கும். வாக்யூம் டெஸ்ட் செய்யாத குஜிரி வால்வு பாடிக்கு நான் காசு தர மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் மாட்டிய பிறகு ஸ்கேனரில் அடாப்டேஷனை அழித்துப் புதிதாகப் பழக்க வேண்டும். கசியும் வால்வு பாடியைச் சமாளிக்க கம்ப்யூட்டர் இத்தனை நாள் அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பழகியிருக்கும். சரியான வால்வு பாடிக்கும் அதே கூட்டலைக் கொடுத்தால் ஒவ்வொரு கியரும் இடிக்கும், மறுபடி யாராவது வால்வைக் குறை சொல்வார்கள். ஆயிலும் மேனுவல் சொல்கிற வகையாகவே இருக்கட்டும், "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று டின்னில் எழுதியிருப்பது வேண்டாம்.

ஒன்று பாக்கி. கேஜில் எல்லா கியரிலும் பிரஷர் குறைந்து, ஃபில்டர் ஓ-ரிங் சரியாக இருந்து, வாக்யூம் டெஸ்டில் ரெகுலேட்டர் போரும் தேறிவிட்டால் மிஞ்சுவது பம்ப். அதற்குப் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பம்ப் கியரின் இடைவெளியை ரீபில்டின்போதே அளந்திருக்க வேண்டும், அது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. மூன்று மாதமோ ஆறு மாதமோ வாரண்டி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கூலியை நீங்கள் மறுபடி தர வேண்டியதில்லை. பில்லை எடுத்துப் பாருங்கள், நான்கு கேஜ் ரீடிங்கையும் அதன் பின்பக்கத்திலேயே தேதியோடு எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.